பொய் வசம்பு

நம் வீடுகளில் பெயர் சொல்லாமலே வழங்கி வந்த மருந்துப் பொருள் ஒன்று உண்டு. 'பேர் சொல்லாதது' என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் அதனைச் சொல்வார்கள். துண்டு துண்டாக நறுக்கி, நூலிற் கோத்து, வளையலாகக் குழந்தையின் கையில் கட்டுவதும், ஏட்டுச் சுவடிகளைப் பூச்சி அரிக்காதபடி பெட்டிக்குள் இட்டு வைப்பதும் அதனையேதான். அது வசம்பு. நீர் தேங்கிய சதுப்பிலே, வாள் போன்ற இலைகளோடு வளரும் ஒரு செடியின் கிழங்கு அது.

அந்த வசம்பின் பெயரைத் தாங்கிக்கொண்டு, ஆனால் வசம்பாக இல்லாத மற்றொரு செடியைப் பற்றியே இன்று நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம். அது நம் நாட்டுச் செடியன்று. ஐரோப்பாவிலும், மேற்கு ஆசியாவிலும், ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையிலும் ஆற்றங்கரைகளிலும் ஏரி ஓரங்களிலும் சேற்று நிலங்களிலும் ஆண்டுதோறும் அழியாமல் தழைத்து, மஞ்சள் நிறப் பூப் பூக்கும் செடி அது. ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞரான லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் அதற்கு 'ஐரிஸ் சூடகோரஸ்' என்று பெயரிட்டார். 'ஐரிஸ்' என்பது கிரேக்கர்கள் வானவில்லின் தெய்வத்துக்கு வழங்கிய பெயர். பல வண்ணங்களில் பூக்கும் ஓர் இனத்துக்கு அது பொருத்தமே. 'அகோரஸ்' என்பது வசம்பைக் குறிக்கும். அதன் முன்னே நிற்கும் சொல்லுக்குப் 'பொய்' என்பது பொருள். ஆகவே இச்செடி 'பொய் வசம்பு' ஆயிற்று. ஆங்கிலேயர் இதனை 'மஞ்சள் கொடி' என்பர். படரும் கொடியை எண்ணி வைத்த பெயர் அன்று அது.

ஒரு செடியைப் பொய் என்று அழைப்பது தகுமா? அது யாரை ஏமாற்றியது? இந்த வினாவோடு அச்செடியின் அருகே சென்று பார்ப்போம்.

முதலில் நம் கண்ணிற் படுவது இலை. ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்தில், நுனி கூரிய வாளாக நிற்கிறது. இலைகள் ஒன்றன் அடியை ஒன்று கவ்விக்கொண்டு, விரித்த விசிறி போல ஒரே தளத்தில் அமைகின்றன. பெரும்பாலான செடிகளின் இலைக்கு மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற வேறுபாடு உண்டு. இங்கே அது இல்லை. இலை நெடுக மடிந்து அதன் உட்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டாற் போன்ற அமைப்பு இது. ஆகவே நமக்குத் தெரியும் இரு பக்கங்களும் வெளிப்பக்கங்களே. நிமிர்ந்து நிற்கும் இலைக்கு இரு புறமும் ஒளி கிடைக்கிறது. இரு புறமும் ஒரே வகையில் தொழில் செய்கின்றன.

வசம்பின் இலையும் இவ்வாறே வாள் வடிவில், விசிறி அடுக்கில் நிற்கிறது. பூவில்லாத காலத்தில் இரண்டையும் அடுத்தடுத்து நட்டு வைத்தால் பழகாத கண் மயங்கும். ஆயினும் விரலும் மூக்கும் மயங்கமாட்டா. பொய் வசம்பின் இலை நடுவே நரம்பு புடைத்து நிற்பதை விரலால் தடவி உணரலாம். வசம்பிலோ நடுநரம்பு சற்றே ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இலை விளிம்பும் சில இடங்களில் அலையலையாகச் சுருங்கியிருக்கும். இலையைக் கசக்கினால் வசம்பு தன் மணத்தால் தன்னை அறிவித்துவிடும். மற்றதில் அந்த மணம் கிடையாது. அதன் கிழங்கை உண்டால் வாந்தியும் பேதியும் உண்டாகும். எனவே இந்த வேறுபாட்டை அறிந்து வைத்தல் வெறும் ஏட்டறிவு அன்று.

பூக்கும் பருவம் வந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. வசம்பின் பூக்கள் மிகச் சிறியவை. விரல் போன்ற ஒரு கதிரில் நெருங்கிப் பொதிந்து, இலை போன்ற ஒரு தண்டின் பக்கத்திலிருந்து வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். பொய் வசம்போ கையகலப் பூவை உயரத் தூக்கி நிறுத்துகிறது. இந்த இரண்டும் உறவினர் அல்லர். முன்னாளில் வசம்பைச் சேம்பு, சேனை ஆகியவற்றின் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 1990களுக்குப் பின் மரபுப் பொருளை ஒப்பிட்டு நடந்த ஆராய்ச்சிகள், நெல், தென்னை, வாழை எல்லாம் அடங்கிய ஒருவித்திலைத் தாவரங்களின் மரத்தில் முதன்முதலாகப் பிரிந்த கிளை வசம்பே என்று காட்டின. பொய் வசம்பின் குடும்பம் வேறு. காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில் விளையும் குங்குமப்பூ அதன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே வகைச் சேற்றில் வாழ நேர்ந்ததால் இரண்டு செடிகளுக்கு ஒரே வகை இலை அமைந்தது. இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. லின்னேயஸின் ஐரோப்பாவில் எது மண்ணின் மைந்தன், எது விருந்தாளி என்று கேட்டால் விடை தலைகீழாக வரும். மஞ்சள் ஐரிஸ் அங்கே தொன்று தொட்டு வளர்வது. வசம்புதான் ஆசியாவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் துருக்கி வழியாக அங்கே சென்றது. வியன்னாவில் க்ளூசியஸ் என்ற தாவர அறிஞர் அதனைத் தோட்டத்தில் வளர்த்தார். ஐரோப்பாவில் பரவிய வசம்பு மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டது. ஆதலால் அது விதை கட்டுவதில்லை. கிழங்குத் துண்டுகளாலேயே இடம் பெயர்ந்து வாழ்கிறது. வந்த விருந்தாளிக்கு மெய்ப்பெயரும், பிறந்த மண்ணிலேயே நின்ற செடிக்குப் பொய்ப்பெயரும் கிடைத்தன. பெயர் என்பது பெயரிட்டவரின் பார்வையைக் காட்டுமே ஒழியச் செடியின் இயல்பைக் காட்டாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனிப் பூவைப் பார்ப்போம். ஒரு தண்டில் 4 முதல் 12 பூக்கள் வரை உண்டாகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக மலர்கின்றன. பூவின் குறுக்களவு 7 முதல் 10 சென்டிமீட்டர். வெளி வட்டத்தில் அகன்ற மூன்று இதழ்கள் நாக்குகளைப் போலக் கீழே வளைந்து தொங்குகின்றன. அவற்றின் நடுவே பழுப்பு நிறக் கோடுகள் ஓடுகின்றன. உள் வட்டத்தில் மூன்று இதழ்கள் சிறியனவாக, ஒடுங்கியனவாக, இருப்பதே தெரியாமல் நிற்கின்றன. அப்படியானால் பூவின் நடுவிலிருந்து மேலே எழுந்து, நுனி பிளந்து, மஞ்சள் பட்டாக விரிந்திருக்கும் அந்த மூன்றும் எவை? அவை இதழ்களே அல்ல. சூல்தண்டின் மூன்று கிளைகள் அவை. குங்குமப்பூவில் சிவந்த மூன்று இழைகளாக நாம் பறித்தெடுக்கும் உறுப்புக்கு இங்கே நேரானவை இந்தப் பட்டைகளே. அங்கே இழையானது இங்கே இதழின் கோலம் பூண்டிருக்கிறது.

இந்தக் கோலத்துக்குக் காரணம் இருக்கிறது. மேலே கூரையாக ஒரு சூல்தண்டுக் கிளை, கீழே தளமாக ஒரு தொங்கும் இதழ், இரண்டுக்கும் இடையே ஒரு குகை. கூரையின் அடியில் ஒளிந்திருப்பது மகரந்தப் பை. குகையின் கடைசியில் இருப்பது தேன். ஒரு பூவுக்கு இத்தகைய குகைகள் மூன்று. தேனீயைப் பொறுத்தவரை ஒரு பூ மூன்று பூக்களுக்குச் சமம். பூவிதழின் கோடுகளும் புள்ளிகளும் தேனுக்கு வழிகாட்டும் குறிகள் என்ற கருத்தை ஜெர்மானியரான ஸ்ப்ரெங்கெல் 1793ஆம் ஆண்டிலேயே எழுதினார். பழுப்புக் கோடுகளைப் பின்பற்றிக் குகைக்குள் நுழையும் தேனீயை நாம் கண்ணால் காணும்போது அக்கருத்தின் அருமை விளங்கும்.

பம்பிள் எனப்படும் மயிர் அடர்ந்த பருத்த தேனீ இதழின்மேல் வந்து இறங்குகிறது. உள்ளே தலையை நுழைக்கிறது. குகை வாயிலிலேயே சூல்முடியின் மெல்லிய உதடு ஒன்று கீழ்நோக்கி நீட்டிக் கொண்டிருக்கிறது. வேறொரு பூவிலிருந்து தேனீ முதுகில் சுமந்து வந்த மகரந்தத்தை அந்த உதடு வழித்துக் கொள்கிறது. அதன் பின்னரே முதுகு மகரந்தப் பையை உரசிப் புதுத் தூளைப் பூசிக்கொள்கிறது. தேனுண்டு பின்வாங்கும்போது உதடு மறுபக்கமாகத் தள்ளப்பட்டுவிடுகிறது. மகரந்தத்தை ஏற்கும் முகம் அப்போது தேனீயின் முதுகில் படுவதில்லை. அக்குகையின் தூள் அதே குகையின் சூல்முடியைச் சேராதபடி எவ்வளவு எளிய தடுப்பு! நீண்ட மூக்குள்ள ஒருவகை ஈயும் இப்பூவுக்கு வருவதுண்டு. கூரையும் தளமும் நெருங்கி ஒட்டியுள்ள பூக்கள் அந்த ஈக்கும், இடைவெளி அகன்ற பூக்கள் தேனீக்கும் ஏற்றவையாக இருக்கின்றன.

பூ உதிர்ந்ததும் மூன்று பட்டை கொண்ட பச்சைக் காய் பருக்கிறது. முற்றிய காய் மூன்றாக வெடிக்கும். உள்ளே பழுப்பு நிற விதைகள், நாணயங்களை அடுக்கி வைத்தாற்போல் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கும். கடினமான விதைத்தோலின் அடியில் காற்றறை ஒன்று உண்டு. அதனால் விதை நீரில் மூழ்காமல் மாதக்கணக்கில் மிதக்கிறது. நீரோட்டம் அதனைக் கொண்டு செல்கிறது. நீர் வடிந்து ஈரமான சேறு வெளிப்படும் இடத்தில் அது முளைக்கிறது. காற்றறை கொண்ட விதை இச்செடிக்குக் கிடைத்த தோணி எனலாம்.

ஆயினும் இச்செடியின் உயிர்நிலை பூவிலும் இல்லை, விதையிலும் இல்லை. அது சேற்றுக்குள் இருக்கிறது. இஞ்சியையும் மஞ்சளையும் போல, மண்ணுக்குள் கிடையாகப் படர்ந்து கிளைக்கும் தண்டு அது. தாவர நூலார் அதனை மட்டத்தண்டு என்பர். பழைய பகுதி அழிய அழியக் கிளைகள் தனித்தனிச் செடிகளாகின்றன. வெள்ளத்தில் ஒடிந்து மிதந்து சென்ற ஒரு துண்டும் கரை ஒதுங்கிய இடத்தில் வேரூன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல வேரும் தண்டும் பின்னிக்கொண்டு சேற்றின்மேல் கனத்த பாய் விரித்தாற்போல் ஆகிவிடுகின்றன.

சேற்றுக்குள் பிராணவாயு இல்லை. அங்கே வேர் எப்படி மூச்சு விடுகிறது? நம் நெற்பயிரை நினைத்துக் கொண்டால் விடை கிடைக்கும். நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ளதைப் போல இங்கும் இலைக்குள்ளே காற்றறைகள் நிறைந்திருக்கின்றன. நீருக்கு மேலே நிற்கும் இலை, சேற்றுக்குள் புதைந்த தண்டுக்கு மூச்சுக்குழல் ஆகிறது. குளிர்காலத்தில் இலைகள் பட்டுப் போகும். குழல் அடைபட்டுவிடும். அப்போது மட்டத்தண்டு தன்னிடம் சேர்த்து வைத்த மாவுப்பொருளைப் பிராணவாயு இல்லாமலே சிதைத்து, சிறிதளவு ஆற்றலைப் பெற்றுக் காலம் தள்ளுகிறது. பனஞ்சாறு புளித்துக் கள்ளாகும்போது நடைபெறும் வேதியல் மாற்றத்தைப் போன்றதே இதுவும். ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாத காலம் பிராணவாயுவே இன்றி வைத்த பின்னரும் இதன் மட்டத்தண்டு மீண்டும் துளிர்த்ததுண்டு. இதே இனத்தைச் சேர்ந்த தோட்டத்து ஐரிஸ் வகையோ அத்தகைய மூச்சடைப்பைத் தாங்குவதில்லை. வெகு விரைவில் அழுகிவிடும்.

பிறந்த இடத்தில் இந்த ஆற்றல்கள் எல்லாம் நன்மையாகவே முடிகின்றன. பின்னிக் கிடக்கும் தண்டு கரையை அரிப்பிலிருந்து காக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து வேனிலில் திரும்பி வரும் கார்ன்கிரேக் என்னும் பறவை, புல்வெளிகள் இன்னும் வளராத அந்த நாட்களில், முதலில் எழுந்து நிற்கும் இந்த ஐரிஸ் புதர்களிலேதான் ஒளிந்து வாழ்கிறது. அருகிவரும் அந்தப் பறவையைக் காக்க விரும்புவோர் இப்புதர்களை விட்டு வைக்கும்படி உழவரைக் கேட்டுக் கொள்கிறார்கள். அத்தீவு மக்கள் மட்டத்தண்டை இரும்புச் சத்தோடு சேர்த்துக் கம்பளிக்குக் கருஞ்சாயம் ஏற்றினார்கள். இச்செடியின் காரத்துக்கு அஞ்சிக் கால்நடைகள் இதனை ஒதுக்கிவிட்டாலும், இதன் இலையையே உண்டு வாழும் பூச்சிகள் அங்கே உண்டு. ஆகவே செடி பெருகினாலும் அளவு மீறுவதில்லை. உண்பாரும் உண்ணப்படுவதும், ஒளிவாரும் ஒளிக்குமிடமும் என்று நெடுங்காலமாக ஏற்பட்ட ஒரு கணக்கு அங்கே நடந்து வருகிறது.

அழகைக் கண்டு ஆசைப்பட்ட மனிதன் இச்செடியைக் கடல் கடத்தினான். வட அமெரிக்காவின் தோட்டக் குளங்களை அணி செய்ய இது சென்றது. கனடாவில், நியூபவுண்ட்லாந்துத் தீவில் 1911ஆம் ஆண்டிலேயே இது தோட்டத்துக்கு வெளியே காணப்பட்டது. இன்று அந்தக் கண்டத்தின் கிழக்குக் கரை முதல் மேற்குக் கரை வரை பல ஆறுகளிலும் ஏரிகளிலும் படர்ந்திருக்கிறது. நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் இதே கதை. அங்கெல்லாம் இதனைக் கட்டுக்குள் வைத்த பூச்சிகள் உடன் வரவில்லை. தோணியான விதை உடன் வந்தது. ஒடிந்தாலும் தழைக்கும் தண்டு உடன் வந்தது. தண்டுப் பாய் வண்டலைப் பிடித்து நிறுத்த, நீரோடை குறுகுகிறது. சேறு மேடாகிறது. கோரையும் பிற சதுப்புச் செடிகளும் இடமிழக்கின்றன. அவற்றை நம்பிய பறவையும் மீனும் அவற்றோடு போகின்றன. ஸ்காட்லாந்தில் ஒரு பறவைக்குப் புகலிடம் தரும் அதே புதர், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பல பறவைகளின் புகலிடத்தைப் பறிக்கிறது. செடி மாறவில்லை. இடந்தான் மாறியது.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களுக்கு வழிகாட்டியது தாவரவியலே. வெட்டிப் போட்டால் துண்டு துண்டாகப் பெருகும் செடியை எப்படி ஒழிப்பது? இலை அதன் மூச்சுக்குழல் என்பதை அறிந்தவர்கள், இலையை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டிப் பார்த்தார்கள். குழலுக்குள் காற்றுக்குப் பதிலாக நீர் புகுந்தது. மூச்சுத் திணறிச் செடி மடிந்தது. கனடாவில் நடைபெற்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், புதர்களை வெட்டி அவற்றின்மேல் கனத்த ரப்பர் விரிப்புகளைப் பரப்பி மூடி வைத்தார்கள். ஏறக்குறைய 70 நாட்களில் மட்டத்தண்டும் மாண்டுவிட்டது. மூச்சில்லாமல் அது எத்தனை நாள் தாங்கும் என்ற அறிவு, எத்தனை நாளுக்கு மேல் தாங்காது என்ற அறிவாகவும் பயன்பட்டது. ஒரு செடியின் வலிமையை நன்கு அறிந்தவனுக்கே அதன் எல்லையும் தெரியும்.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள்தாமே, நமக்கு என்ன என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நீர்நிலைகளில் நீலப் பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரை வானத்திலிருந்து வந்ததுமன்று, தாமரையுமன்று. தென் அமெரிக்கச் செடி அது. அழகான பூ என்று கருதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். சில பத்தாண்டுகளில் படகுத்துறைகளை அடைத்து, நெல் வயல்களில் புகுந்து, அதனை ஒழிப்பதற்கென்றே 1936ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஒரு சட்டம் இயற்றும்படி செய்தது. இந்நாள் வரை அதனோடு போராடிக் கொண்டிருக்கிறோம். கொண்டுவந்த கைக்கு ஒரு நொடி வேலை. அகற்றும் கைகளுக்கு ஒரு நூற்றாண்டு வேலை.

பொய் வசம்பு இப்பொழுதும் உலகின் பல பாகங்களில் தோட்டக் கடைகளில் விற்கப்படும் செடிதான். கழிவுநீரைத் தூய்மை செய்யும் செயற்கைச் சதுப்புகளிலும் அதனை நடுகிறார்கள். நீரிலுள்ள தழைச்சத்தையும் சில உலோகங்களையும் அது உறிஞ்சிக் கொள்கிறது என்பது உண்மையே. அப்பணிக்காக நம் நாட்டிலும் அதனை வரவழைக்கலாம் என்று நாளை யாரேனும் எண்ணக்கூடும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதன் விதை எங்கே மிதந்து செல்லும்? இதன் துண்டு எங்கே வேரூன்றும்? இங்கே இதனை உண்பது எது? மூன்றுக்கும் விடை தெரியாமல் ஒரு செடியை நீரில் இறக்குதல் ஆகாது.

செயற்கைச் சதுப்புகளில் நட்டுப் பயன் கண்ட செடிகளுள் நம் வசம்பும் ஒன்று. நம் நாட்டுச் சேற்றுக்குப் பழகியது அது. வாள் போன்ற அதே இலை, நீருக்குள் நிற்கும் அதே வலிமை, அதற்கு மேல் மணமும் உண்டு. குளக்கரைக்கு ஒரு செடி வேண்டுமானால் கடல் கடந்து தேடுமுன் நம் காலடிச் சேற்றில் குனிந்து பார்ப்பது நல்லது.

தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். மஞ்சள் ஐரிஸ் யாரையும் ஏமாற்றவில்லை. தன் இலையால் ஒளியைப் பெற்று, தன் குகையில் தேனீக்கு விருந்திட்டு, மூச்சில்லாத சேற்றில் குளிர்காலத்தைக் கழித்து, அது தன் இயல்பின்படியே வாழ்கிறது. பூவை மட்டும் பார்த்துவிட்டு வேரைப் பாராதவர்கள் நாமே. பொய் அந்தச் செடியில் இல்லை, அரைகுறையாகப் பார்க்கும் பார்வையில்தான் இருக்கிறது.